கேட்டுக்கு அடித்த மிச்ச பெயின்ட்

முதல் பிறந்தநாளுக்கு அப்பாவோ தாத்தாவோ கையால் செய்த மரப் புதிர்ப் பலகை பரிசளிப்பது இப்போது பல வீடுகளில் ஆசையாகிவிட்டது. ரம்பம் பிடிக்கத் தெரியவேண்டியதில்லை. வட்டம், சதுரம், முக்கோணம் என அளவாக வெட்டிய துண்டுகளும், அவை உட்காரக் குழி எடுத்த பலகையும் ஒரே பொட்டலத்தில் கிடைக்கின்றன. தேய்த்து, பூசி, பிடி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தேய்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220-இல் முடிக்கலாம். விளிம்பை விரலால் தடவினால் எங்கும் உறுத்தக் கூடாது, அவ்வளவுதான். எம்.டி.எஃப். துண்டு என்றால் வாசலுக்குப் போய், முகக்கவசம் போட்டுக்கொண்டு தேய்க்க வேண்டும். அந்தத் தூள் அவ்வளவு நைசு. என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது முழு மரமாகவே வாங்கிவிடலாம்.

எத்தனை வடிவம்? பொட்டலத்தில் பத்து இருந்தாலும் முதலில் வட்டத்தை மட்டும் கொடுங்கள். வட்டத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் குழியில் விழுந்துவிடும். சதுரத்துக்கு நான்கு வாய்ப்பு, சமபக்க முக்கோணத்துக்கு மூன்று, செவ்வகத்துக்கு இரண்டே இரண்டு. குழந்தை திணறும் வரிசையும் ஏறக்குறைய இதுதான்.

கவனம் தேவைப்படுகிற இடம் பூச்சு. அங்கேதான் நம் ஆட்கள் பரணில் ஏறுகிறார்கள். கேட்டுக்கும் கிராதிக்கும் அடித்தது போக மிச்சம் இருக்கும் எனாமல் டப்பா அங்கே இருக்கும். மஞ்சள் கொஞ்சம், சிவப்பு கொஞ்சம், பளபளவென்று வேறு இருக்கும். வீணாக்குவானேன்?

வீணாகட்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் இருக்கும் டப்பா அதற்கு முந்தையதாக இருக்கலாம். தொழிற்சாலைகளுக்கான பெயின்ட் அந்த விதிக்குள் வரவே இல்லை. இரும்பு கேட்டுக்கு எதை அடித்தார்கள் என்று யார் கேட்டு வைத்தார்கள்? ஈய குரோமேட் என்ற நிறமி மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் போவது. அதில் நீலம் கலந்து பச்சையும் ஆக்குவார்கள். அதாவது, குழந்தைச் சாமானுக்கென்று நம் கை முதலில் நீளும் நிறங்கள்.

பெரியவர்களும் குழந்தையும் ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால், குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலகை கையில் கிடைத்தால் ஒரு வயதுக் குழந்தை செய்யும் முதல் காரியம் பொருத்துவது அல்ல, கடிப்பது. பல் முளைக்கிற ஈறுக்கு முக்கோணத்தின் முனை தோதாக அமைந்துவிடுகிறது.

நிறமே இல்லாவிட்டால் குழந்தை எப்படி ரசிக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். 1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பாடம் நடத்திய மாண்டிசோரி அம்மையார், வடிவம் கற்பிக்கும் துண்டுகளுக்கெல்லாம் ஒரே நீலத்தைத்தான் கொடுத்தார். நிறத்தைப் பார்த்து ஊகிக்காமல் குழந்தை வடிவத்தைப் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. நம் மரப்பாச்சியும் செம்மரத்தின் சொந்த நிறத்தோடுதானே வீடு வீடாகப் போனது?

வெறும் மரமாகவே விடலாம். பூசித்தான் ஆக வேண்டும் என்றால் அரக்கு இருக்கிறது. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போகும் அதே அரக்குதான். கர்நாடகத்துச் சென்னபட்டணத்துக் கைவினைஞர்கள் கடைசலில் சுழலும் மரத்தின் மீது நிறம் சேர்த்த அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அது உருகிப் படியும், பிறகு தாழை மடலால் மெருகேற்றுவார்கள். தட்டையான துண்டைக் கடைசலில் ஏற்ற முடியாது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியால் மெல்லியதாகத் தடவி, வாசனை அறவே போகும்வரை காயவிட வேண்டும். மெல்லியதாக என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தடிமனாகப் பூசினால் துண்டு குழிக்குள் போகாது. ஐப்பசி மழையில் மரமும் கொஞ்சம் உப்பும். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டுவிடுங்கள்.

பிடியைப் பொறுத்தவரை ஒரே விஷயம்: ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் அடங்கிவிடும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டைக்கு ஆபத்து. கழன்று வரும் பிடியும் அதில் சேர்த்தி. பசை காய்ந்ததும் நன்றாக இழுத்துப் பாருங்கள்.

சொந்தக் குழந்தைக்குச் செய்யும்வரை முத்திரை எதுவும் தேவையில்லை. ஆனால், பார்த்தவர்கள் "எங்களுக்கும் ஒண்ணு பண்ணித் தாங்களேன்" என்பார்கள். அடுத்த மாதம் அது வியாபாரமாகிவிடும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தச்சருக்குக் கிடையாது. அப்படி ஒருவரிடம் வாங்குகிறீர்கள் என்றால், மரம் எது என்று பிறகு விசாரிக்கலாம். முதலில் பெயின்ட் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.