காட்டில் கண்ட பூவும் சட்டிக்கு வரக்கூடாத கிழங்கும்

மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு வன்னிக் காடு புதியது. முன்பள்ளி ஆசிரியையாக வவுனியா மாவட்டத்துக்கு வந்த ஆண்டில், கார்த்திகை மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், விறகு பொறுக்கச் சென்ற அயல்வீட்டுப் பெண்களுடன் நானும் போனேன். பாலையும் வீரையும் நின்ற காட்டோரத்தில், பற்றையின் மேல் படர்ந்த கொடியொன்றில் தீச்சுவாலை போன்ற பூக்களைக் கண்டேன். இதழ்கள் ஆறு. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. ஓரங்கள் நெளிநெளியாக, எல்லாம் பின்புறமாக மேல்நோக்கி வளைந்திருந்தன.

பெயரைக் கேட்டேன். “உது கார்த்திகைப்பூ எல்லே பிள்ளை! பூவைப் பாருங்கோ, கிழங்கை மட்டும் கிண்டிப் போடாதையுங்கோ. நஞ்சு” என்றார் எம்முடன் வந்த மூத்த அம்மா ஒருவர்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தேட வைத்தது. செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எல்லாம் இதன் பெயர்களே. சிங்களத்தில் நியங்கலா. 1753 இல் லின்னேயஸ் இதற்கு இட்ட தாவரவியற் பெயர் குளோரியோசா சுப்பேர்பா. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. பாடசாலையில் பெயரளவில் படித்த பூவை அன்றுதான் நேரில் கண்டேன்!

ஊருக்கு ஊர் பெயர் மாறும், அடையாளம் மாறாது. ஆகவே சகோதரிகளே, பெயரை விட அடையாளத்தை மனதில் இருத்துவோம்.

இலையைப் பாருங்கள்

பூ சில நாட்களில் வாடிவிடும். இலையோ மழைக்காலம் முழுவதும் நிற்கும். கார்த்திகைக் கொடியின் இலை நீண்டு ஒடுங்கியது. நரம்புகள் நெடுக்காக ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அயற் செடிகளைப் பிடித்துக்கொள்ளும். இதுவே மிகத் தெளிவான அடையாளம். வற்றாளைக்கும் வள்ளிக்கும் இலை நுனியில் இப்படிச் சுருள் கிடையாது. வள்ளி தன் தண்டையே சுற்றிப் படரும்; வற்றாளை நிலத்தில் ஓடும்.

கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும்; கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். ஆபத்து அப்போதுதான். இலையுமில்லை, பூவுமில்லை. இக்கிழங்கை வற்றாளை என்றும் வள்ளி என்றும் எண்ணி அவித்து உண்டு உயிரிழந்தோர் எமது நாட்டில் உள்ளனர். கிழங்கு பெரும்பாலும் இரு கிளையாகப் பிரிந்து கலப்பை போல வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே ஓர் எச்சரிக்கை எனலாம்.

நஞ்சு செய்வது என்ன?

செடியின் எல்லாப் பாகங்களிலும் கொல்சிசீன் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அவித்தாலும் அது போகாது. இதே கொல்சிசீனை மிகச் சிறிய அளவில் ‘கௌட்’ எனும் மூட்டு நோய்க்கு வைத்தியர்கள் கொடுக்கின்றனர். அளவு மீறினால் உடற்கலங்கள் பிரிந்து பெருகுவதை அது தடுத்துவிடும். முதலில் பாதிக்கப்படுவது குடல். உண்டு சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும். பின்னர் இரத்தம், சிறுநீரகம், இருதயம் எனப் பாதிப்புப் பரவலாம். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டுவதுண்டு. அது மீண்டும் வளரும்.

யாராவது உண்டுவிட்டால், வாந்தி வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மீதிக் கிழங்கையோ கொடியின் ஒரு துண்டையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள். என்ன நஞ்சு என்று வைத்தியர் விரைவில் அறிய அது உதவும்.

அழகுக்காக இக்கொடியை வேலியில் படரவிடும் வீடுகள் உண்டு. வெட்டி எறியத் தேவையில்லை. மரக்கறித் தோட்டத்துக்கு அருகில் மட்டும் வேண்டாம். எனது முன்பள்ளிச் சிறுவர்களுக்குப் பூவைக் காட்டும்போதே அந்தச் சுருண்ட இலை நுனியையும் காட்டுகிறேன். “பார்க்கலாம், வாயில் வைக்கக்கூடாது” என்று அவர்களே இப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

பெயர் தெரியாத கிழங்கு எவ்வளவு பசி வந்தாலும் அடுப்பேறக் கூடாது. காட்டை அறிந்த மூத்த பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.