ஆள் நிறைந்த வீட்டின் தனிமை

பண்ருட்டி, அண்ணாகிராமம், நெல்லிக்குப்பம் பக்கமாக வந்து கடலூரில் கடலோடு கலக்கிறது கெடிலம். அந்த ஆற்றின் கடைசிப் பகுதியில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய ஆளுமைகள் பிறந்திருக்கிறார்கள்: 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தன், 1934இல் மஞ்சக்குப்பத்தில் ஜெயகாந்தன். தெற்கே சிதம்பரத்தில் பல்லாண்டு வாழ்ந்து 1985இல் மறைந்தவர் மௌனி. பிறந்த மண்தான் எழுத்தாளனை உண்டாக்குகிறது என்று வாதாட முடியாது. புதுமைப்பித்தனின் பேச்சு நெல்லைச் சீமையுடையது, மனிதர்களும் அந்தச் சீமையைச் சேர்ந்தவர்கள். மௌனி தஞ்சைப் பக்கத்துக்காரர். ஆனாலும் கடலூர் மாவட்டத்தோடு தொடர்புடைய இவர்களை அடுத்தடுத்து வாசித்தால், தமிழ்ச் சிறுகதை திரும்பத் திரும்பப் பேசும் தனிமை எப்படிப்பட்டது என்பது தெளிவாகிறது. நம் கதைகளில் தனித்திருப்பவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர் பேச்சுக்குக் காதுகொடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

புதுமைப்பித்தனின் ‘மனித யந்திரம்’ கதையில் வரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மளிகைக் கடைக் குமாஸ்தா. நாள் முழுதும் அவர் முன்னால் ஜனம் நிற்கிறது. வெல்லம், கருப்பட்டி, பற்றுவரவு என்று பேச்சும் ஓயவில்லை. ஒரு நாள் கல்லாப் பணத்தோடு ஓடிப்போகத் துணிந்து ரயிலடிவரை போகிறார். மனம் கேட்காமல் திரும்பிவிடுகிறார். அவர் வாழ்வில் நடந்த மிகப் பெரிய சம்பவம் அதுதான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மனிதர்கூட இல்லை. முதலாளிக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ‘மகாமசானம்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. சென்னையின் சந்தடி மிகுந்த சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். ஊரே கடந்துபோகிறது, நின்று பார்ப்பது ஒரு குழந்தை. அந்த மரணத்தை யாருமற்ற காட்டில் வைத்திருந்தால் வெறும் சோகமாகப் போயிருக்கும். கூட்டத்தின் நடுவில் வைத்ததால் நம்மைக் குற்றவாளியாக்குகிறது.

சிறுகதைக்கும் தனிமைக்கும் உள்ள உறவைப் பற்றி அயர்லாந்து எழுத்தாளர் ஃபிராங்க் ஓ’கானர் 1960களில் ஒரு நூலே எழுதினார். சமூகத்தின் விளிம்பில் கிடப்பவர்களின் வடிவம் சிறுகதை என்பது அவர் கருத்து. மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் சவாரிக்கு வருகிறவர்களிடம் துக்கத்தைச் சொல்லப் பார்த்து, யாரும் கேட்காமல், கடைசியில் தன் குதிரையிடம் சொல்லும், ரஷ்ய எழுத்தாளர் செக்கோவின் கதை இதற்கு நல்ல சான்று. இதை வைத்துக்கொண்டு சிலர், தனிமை மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு, கூட்டுக்குடும்பத்திலும் ஊர்க்கட்டிலும் வாழ்ந்த நமக்கு அது அந்நியம் என்கிறார்கள். வடிவம் மேற்கிலிருந்து வந்தது உண்மை. ஆனால் ஓ’கானர் சொல்லும் விளிம்பில் நம் கதைமாந்தர் பலர் நிற்கவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டுக்குடும்பம் தனிமையைப் போக்கியதா, அதைச் சொல்லவிடாமல் செய்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு ஜெயகாந்தன் தரும் பதில் ‘யுகசந்தி’. கடலூரையும் நெய்வேலியையும் இணைக்கும் பஸ் பயணத்தில் கட்டப்பட்ட கதை அது. கௌரிப் பாட்டி இளம்வயதிலேயே கணவனை இழந்தவள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருக்கிறது, மரியாதைக்கும் குறைவில்லை. பேத்தி கீதாவும் விதவையாகி, நெய்வேலியில் ஆசிரியை வேலை பார்க்கிறாள். அவள் மறுமணம் செய்துகொள்ளப்போவதாக எழுதியதும் மகன் அவளைத் தலைமுழுகத் தயாராகிறார். பாட்டிதான் பெட்டியை எடுத்துக்கொண்டு பேத்தியிடம் கிளம்புகிறாள். அத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் அவள் அனுபவித்தது என்ன என்பதை மகன் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. பாட்டியின் பயணத்தைப் பாசம் என்று மட்டும் சொல்லிவிடுவது போதாது. இன்னொருத்தியின் தனிமையை அடையாளம் கண்டுகொண்டவள் அவள். அதற்குத் தகுதியான ஒரே ஆளும் அவள்தான். இதே ஜெயகாந்தன் ‘நான் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறேன்’ கதையில் கௌரிப் பாட்டி திறந்த அந்த வாசலையும் அடைத்துவிடுகிறார். அங்கே வீட்டில் மனிதர்கள் உண்டு, ஜன்னலருகே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு கௌரிப் பாட்டி கிடையாது.

இவ்வளவும் சமூகம் சார்ந்த பேச்சு. மௌனியை இதில் எப்படி அடக்குவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1936இல் ‘மணிக்கொடி’ இதழில் எழுதத் தொடங்கி மொத்தம் 24 கதைகளோடு நின்றுவிட்ட அவருடைய மனிதர்களுக்கு வயிற்றுப்பாடு இல்லை, ஊர்க்கட்டு இல்லை. ‘அழியாச் சுடர்’ நாயகன் ஜன்னல் வழியே ஒரு மரத்தைப் பார்த்தபடி இருக்கிறான். அவனுக்குக் கேட்கிற நண்பன் இருக்கிறான், அக்கறையோடுதான் கேட்கிறான். அப்படியும் சொன்னது முழுதாகப் போய்ச் சேருவதில்லை. ஆக, காதுகொடுக்க ஆளில்லாததே தனிமை என்ற என் வாதத்தை மௌனி ஓரளவு உடைக்கிறார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனுக்குள் நடப்பதில் ஒரு பங்கு எந்தச் சொல்லுக்கும் பிடிபடாது என்பது அவர் கண்டது. ஆனால் அதை நிரூபிக்க அவருக்கும் ஒரு கேட்பவன் தேவைப்பட்டான். அறையில் ஒருவனை மட்டும் விட்டிருந்தால் அந்தத் தோல்வி வாசகனுக்குத் தெரிந்தே இருக்காது.

நாவலிலும் தனியர்கள் உண்டுதான். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் யாராவது வந்து சேர்ந்துவிடுகிறார்கள், பகையாவது உறவாகிறது. ஆள் வருவதற்குள் முடிந்துவிடுகிறது சிறுகதை. அந்தக் குறுகலே இந்தத் தனிமைக்குப் பொருந்துகிறது.

இது பழைய தலைமுறையின் விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. இதே மாவட்டத்துக்காரரான இமையம் 2012இல் எழுதிய ‘பெத்தவன்’ நெடுங்கதையில், சாதி மாறிக் காதலித்த மகளைக் கொன்றுவிடும்படி ஒரு தகப்பனுக்கு ஊர் கட்டளையிடுகிறது. அந்தத் தகப்பன் பழனியைச் சுற்றி அன்றிரவு ஊரே திரண்டிருக்கிறது. எல்லாரும் அவனுக்குச் சொந்தம், எல்லாரும் அவனோடு பேசுகிறார்கள். மகளை அவள் விரும்பியவனிடம் அனுப்பிவிட வேண்டும் என்று அவன் மனதில் இருப்பதை அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஊர் அறியாமல் மகளை அனுப்பிவைத்துவிட்டு அவன் சாகிறான். புதுமைப்பித்தனின் பிச்சைக்காரரை ஊர் பார்க்காமல் கடந்துபோனது. பழனியைப் பார்த்துக்கொண்டே இருந்தது.