நான்கு படங்களுக்கும் ஒரே அளவுகோல்

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி தொற்றியது. அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 5,300ஆகக் குறைந்தது. இவ்விரு ஆண்டுகளின் வாராந்தர எண்ணிக்கையை எக்செலில் தனித்தனி வரைபடமாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டின் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும்!

எண்களில் தவறில்லை. செங்குத்து அச்சு எதுவரை போகவேண்டும் என்பதை எக்செல் ஒவ்வொரு படத்துக்கும் தானாக முடிவுசெய்கிறது. 2020க்கு 2,000, 2021க்குச் சில நூறு. அச்சின் ஓரத்தில் உள்ள சின்ன எண்களை எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?

பல்கலைக்கழகப் பாடம் ஒன்றுக்காக, சுகாதார அமைச்சு வெளியிட்ட வாராந்தர எண்ணிக்கையை 2019 முதல் 2022 வரை எங்கள் குழு எடுத்துக்கொண்டது. நான்கு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டால் மீ கோரிங் தட்டுபோல் சிக்கிக்கொள்கின்றன. ஆண்டுக்கொரு சிறு படம் என்பதே நல்ல வழி. எட்வர்ட் டஃப்டி 1983ல் வெளியிட்ட நூலில் இதை ‘ஸ்மால் மல்டிபிள்ஸ்’ என்கிறார்.

எக்செலில் இதற்கெனத் தனிப் பொத்தான் இல்லை. ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். 2020ல் 53 வாரங்கள் என்பதால் மற்ற ஆண்டுகளின் கடைசிக் கட்டம் காலியாக இருக்கட்டும். அங்கே சுழியம் போட்டால் கோடு தரையில் விழும். முதல் ஆண்டுக்கு மட்டும் வரைபடம் செய்து, ‘ஃபார்மேட் ஆக்சிஸ்’ பகுதியில் குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 2,000 என நீங்களே தட்டுங்கள். பிறகே நகலெடுங்கள்; அளவும் கூடவே வரும். நகலில் உள்ள கோட்டைச் சொடுக்கினால் அதற்குரிய எண்களைச் சுற்றி வண்ணக் கட்டம் தோன்றும். அதை அடுத்த நெடுவரிசைக்கு இழுத்தால் போதும். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி படத்தை நகர்த்தினால் அது கட்டங்களின் விளிம்போடு ஒட்டி நேராக நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் வாக்குவாதம். “2021 தரையோடு படுத்துக் கிடக்கிறது, அதை மட்டும் பெரிதாக்கலாமே,” என்றார் தோழி ஒருவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓர் ஆண்டுக்குள் தொற்று எப்போது ஏறி இறங்கியது என்பது கேள்வியானால் தனி அளவு தேவை. அதைப் படத்தின் மேலேயே எழுதிவிடவும் வேண்டும். எங்கள் கேள்வி எந்த ஆண்டு எவ்வளவு மோசம் என்பது. அதற்கு அந்தத் தட்டைக் கோடுதான் விடை. அப்படியே விட்டோம்.

உயரத்தை ஒப்பிடப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வசதி. வாரங்களை ஒப்பிட, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதே மேல். அப்படி அடுக்கியபோது வேறொன்று தெரிந்தது. 2019, 2020 இரண்டிலும் உச்சம் ஜூலையில். 2022ல் மே மாதமே வாரத்துக்கு 1,500ஐத் தாண்டிவிட்டது. டெங்கிப் பருவம் ஜூனில்தான் தொடங்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்; கடைசிப் படத்திலோ மலை இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறது.