அந்தரத்தில் ஒரு பந்தி

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய விக்ரம் லேண்டருக்குப் பசி கிடையாது. அதை அனுப்பிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அடுத்து இந்தியாவின் ககன்யான் விண்கலத்தில் போகப்போவது மனிதர்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்களில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். மனிதர் போனால் சோறும் கூடவே போயாக வேண்டும்.

எடையற்ற இடத்தில் சாப்பாட்டுக்கு முதல் எதிரி, தூள். வீரமுத்துவேலின் விழுப்புரம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்தப் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பஞ்சமில்லை. வறுத்ததை உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிவிட்டு வாயில் போடுவதைப் பஸ்ஸில் தினமும் பார்க்கலாம். விண்கலத்தில் அப்படி ஊதினால் ஒரு தோல்கூடத் தரையில் விழாது. கண்ணில் படும், மூக்கில் ஏறும், கருவிக்குள் புகும்.

1965 மார்ச்சில் ஜெமினி-3 கலத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் யங், ஒளித்துக் கொண்டுபோன சாண்ட்விச்சை வெளியே எடுத்தார். ரொட்டி உதிரத் தொடங்கியதும் அது உடனே உள்ளே போய்விட்டது. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிலேயே அது கேள்வியாகிவிட்டது! இன்று ரொட்டியின் இடத்தில், உதிராத மெக்சிகோ சப்பாத்தியான டார்ட்டில்லா. உப்பைத் தண்ணீரிலும் மிளகை எண்ணெயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள்.

கெட்டியும் ஈரமுமான பண்டம் கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அல்வாவுக்குக் கவலையில்லை. 1984-இல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மாவுக்கு மைசூருவின் பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் ரவை அல்வா செய்து கொடுத்தது. 2025-இல் விண்வெளிக்குப் போன சுபான்ஷு சுக்லா, கேரட் அல்வாவையும் பாசிப்பருப்பு அல்வாவையும் சக வீரர்களோடு பகிர்ந்துகொண்டார்.

ருசிதான் சிக்கல். உடலின் நீர் தலைப்பக்கம் ஏறுவதால், ஜலதோஷம் பிடித்ததுபோல் மூக்கடைக்கும், வாசனை சரியாகத் தெரியாது. அதனால் பலரும் காரசாரமாகக் கேட்கிறார்கள். காபியை ஆற்ற முடியாது. பையிலிருந்து ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டியதுதான்.

பந்தி ஒழுங்கும் வேறு. கால்களை வளையத்தில் மாட்டிக்கொண்டு, பொட்டலத்தை அளவாக வெட்டி, கரண்டியை நிதானமாக வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வீசினால் குழம்பு உருண்டையாகப் பறந்துவிடும். திருப்தியாக ஏப்பம் விடவும் வழியில்லை: வயிற்றில் காற்று தனியாக மேலே ஏறாததால், சாப்பிட்டதும் சேர்ந்து வரும். மிச்சம் ஒட்டிய கவரை இறுக மூடாவிட்டால் நாற்றம் எல்லோருக்கும்தான். ஜன்னலைத் திறக்கவா முடியும்?

இங்கே பந்தியில் ஒழுங்கு தவறினால் பக்கத்து இலைக்காரர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அங்கே சிந்தியது பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குள் போகும். ககன்யானுக்கான உணவுகளில் இட்லியையும் மைசூரு ஆய்வகம் சேர்த்திருக்கிறது. அப்பளம் நொறுக்கும் ஆசையை மட்டும் தரையிறங்கும்வரை தள்ளிப்போட வேண்டும்.