கடல் கடந்து வரும் நஞ்சு

“இன்டர்போல் பொலிசார் எந்நாட்டிலும் புகுந்து குற்றவாளிகளைப் பிடிப்பார்களாமே, சேர்?” என்று பதுளையில் மாணவன் ஒருவன் என்னை வினவினான். பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர், அஃது உண்மையன்று.

1923ஆம் ஆண்டில் வியன்னாவில் தோன்றிய அவ்வமைப்பு எவரையும் கைது செய்வதில்லை. தேடப்படுவோரின் விபரங்களை நாடுகளுக்கு அறிவிப்பதே அதன் பணி; பிடிப்போர் அவ்வந்நாட்டுப் பொலிசாரே. போதைப்பொருட் கடத்தலில் தேடப்பட்ட மாகந்துரே மதூஷை 2019 பெப்ரவரியில் துபாயிற் பிடித்தோரும் அந்நாட்டுப் பொலிசாரே. மே மாதத்தில் அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்.

கடத்தலுக்கு எல்லையில்லை, காவலுக்கோ எல்லையுண்டு. மக்ரான் கரையிற் படகேறும் ஹெரோயின், நடுக்கடலில் இலங்கைப் படகுக்கு மாறி, நம் தென்கரையை அடைகின்றது. ஆகவேதான் குற்றவாளிகளை ஒப்படைக்கவும் சான்றுகளைப் பகிரவும் 1988ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை நாடுகளைப் பிணைத்தது.

ஆயினும், இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் லயத்து வாசலிற் கிடக்கின்றது. கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளம் மகனது சிறு பொட்டலத்திற் கரைகின்றது. அக்கண்ணியை அறுக்க அயல்நாட்டுப் பொலிசார் வாரார். பிள்ளை தடுமாறினால், மானத்திற்கு அஞ்சி மறைக்காதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாங்குவோர் அற்றால், விற்போருக்குக் கடலும் வழிவிடாது.