பெயிண்ட் பட்டறைக் கழிவுநீர்: கிணற்றைக் காக்கும் வழிகள்

சாலையோரத்தில் உள்ள ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்தை, லாரி, டிராக்டர்களுக்கு வர்ணம் அடிக்கும் பட்டறைக்கு வாடகைக்கு விடும் விவசாயிகள் உண்டு. மாதம் பிறந்தால் வாடகை கைக்கு வரும். ஆனால் பிரஷ், டப்பா, ஸ்பிரே துப்பாக்கி கழுவிய நீர் எங்கே போகிறது என்று பார்ப்பவர் சிலரே. அதை வாய்க்காலில் விட்டால் பாசன நீரோடு வயலுக்கு வரும். மண்ணில் கொட்டினால் மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேரும்.

கழிவுநீரில் இருப்பது என்ன?

பிசின், நிறமி, தின்னர் ஆகியவை இதில் உள்ளன. மஞ்சள், ஆரஞ்சு நிறப் பெயிண்டுகள் சிலவற்றில் ஈயமும் குரோமியமும் இருக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழில் உபயோகப் பெயிண்டுகள் இதில் அடங்கா. ஈயம் மக்கிப் போகாது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அந்த மண்ணில் விளையும் கீரை, கிழங்கு வழியாக நம் உடலிலும் சேரும். குழந்தைகளுக்கே கேடு அதிகம்.

நொய்யல் தந்த பாடம்

நொய்யலில் கலந்தது பெயிண்ட் அல்ல, திருப்பூர்ச் சாயக்கழிவு. ஆயினும் பாடம் ஒன்றே. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே பின்னர் அவை இயங்கின. பட்டறையை ஒரே நாளில் மூடிவிடலாம். கெட்ட கிணற்றை ஒரே நாளில் திருத்த முடியாது.

பட்டறைக்காரர் செய்ய வேண்டியவை

1. கழுவுமுன் பிரஷ், டப்பாவில் ஒட்டியிருக்கும் பெயிண்டை வழித்தெடுக்க வேண்டும். கழிவு பெருமளவு குறையும்.

2. பயன்படுத்திய தின்னரை மூடிய டப்பாவில் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.

3. நீரில் கரையும் பெயிண்ட் கழுவிய நீரை சிமெண்ட் தொட்டியில் சேர்த்து, படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுக் கலக்கி ஓர் இரவு தெளியவிட வேண்டும். தெளிந்த நீரைக் கழுவுவதற்கே மறுபடி பயன்படுத்தலாம். பயிருக்குப் பாய்ச்சக் கூடாது. தின்னர் கலந்த கழிவுக்கு இம்முறை பயன்படாது.

4. கசடைக் கூரையின் கீழ் உலர்த்தி மூட்டை கட்டி, அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எரிப்பதும் புதைப்பதும் கூடாது. பாழுங்கிணற்றிலோ கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றிலோ ஊற்றுவது நிலத்தடி நீருக்கு நேரே நஞ்சிடுவதாகும்.

நிலம் தருவோர் கவனிக்க

சிமெண்ட் தளம், கசிவில்லாத தொட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி ஆகிய மூன்றையும் வாடகைப் பத்திரத்தில் எழுதி வாங்குவது நல்லது. காலி செய்யும்போது கசடை அகற்றித் தர வேண்டும் என்றும் எழுதவும். குடியிருந்தவர் போய்விடுவார், கசடு உங்கள் நிலத்தில் இருக்கும்.

சந்தேகம் வந்தால்

கிணற்று நீரில் எண்ணெய்ப் படலமோ தின்னர் வாடையோ தெரிந்தால் குடிக்கவும் மாட்டுக்கு வைக்கவும் வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்தில் வழக்கமாகப் பார்க்கும் உவர்த் தன்மைப் பரிசோதனையில் ஈயம் தெரியாது. அதைத் தனியே சோதிக்கக் கேட்க வேண்டும். கழிவு விடப்பட்ட தேதி, நேரத்தைக் குறித்து வைத்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். ஒருவர் தனியாகப் போவதைவிட, அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் பலன் அதிகம்.