முகம் யாருக்குச் சொந்தம்? – 9: பெர்லினில் ஆடிய மனிதர்

2000 ஜூலை 8. டெக்னோ இசை அதிர, பெர்லின் தெருவில் ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே ஊர்வலம் போகிறது. வியாபாரமாகிப்போன ‘லவ் பரேட்’ விழாவுக்கு எதிராகக் கிளம்பிய ஊர்வலம் அது. மத்தியாஸ் ஃப்ரிட்ச் என்ற கலைஞரின் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. தலைமுடிக்கு நீலச் சாயம் பூசிய ஒரு பெண் ஆடிவருகிறார். கூட்டத்திலிருந்து ஒருவன் வந்து அவர்மேல் இடிக்கிறான். உடனே சட்டையில்லாத, கட்டுமஸ்தான ஒருவர் குறுக்கே புகுந்து அவனைப் பிடித்து நிறுத்துகிறார். வந்த வழியே திருப்பி அனுப்பி, ஆள்காட்டி விரலை நீட்டி எச்சரிக்கிறார். பிறகு யாரோ தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நீட்ட, அதை வாங்கிக் குடித்துவிட்டுத் தெருவே தனக்கென்பதுபோல் ஆடத் தொடங்குகிறார்.

இடையில் வெட்டே இல்லாத, சுமார் நான்கு நிமிட வீடியோ. ‘நீகேம் நம்பர் 1’ என்று ஃப்ரிட்ச் அதற்குப் பெயர் வைத்தார். நடந்தது நிஜமா, நடிப்பா என்று பார்ப்பவரைக் குழம்ப வைப்பதுதான் அவருடைய நோக்கம். 2006இல் அது யூடியூபுக்கு வந்தது. அடுத்த ஆண்டே தீப்பிடித்தாற்போல் பரவியது. பெயர் தெரியாத அந்த மனிதருக்கு இணையமே ‘டெக்னோவைக்கிங்’ என்று பெயர் சூட்டியது. அவரைப்போல் வேடமிட்டு ஆடினார்கள், படத்தை வெட்டி ஒட்டினார்கள், ஓவியமாய் வரைந்தார்கள். டீ-ஷர்ட்டும் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்ற வாரம் பார்த்த கியூபெக் மாணவனை உலகம் கேலி செய்தது. பள்ளியில் கோல்ஃப் பந்து எடுக்கும் கோலை ‘ஸ்டார் வார்ஸ்’ வாளாகச் சுழற்றித் தன்னைத்தானே பதிவு செய்துகொண்ட பையன் அவன். 2003இல் சக மாணவர்கள் அதை இணையத்தில் ஏற்றிய பிறகு பள்ளிக்கே போக முடியாத நிலைக்கு ஆளானான். பெர்லின் மனிதரையோ உலகம் கொண்டாடியது. ஒரு பெண்ணுக்காகக் குறுக்கே நின்ற வீரர், கடவுள் என்றெல்லாம் பாராட்டுகள் குவிந்தன. புகழ்ந்துதானே பேசுகிறார்கள், இதில் அவருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும்.

அவருக்கு அப்படித் தோன்றவில்லை. 2009இன் கடைசியில் ஃப்ரிட்சுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஃப்ரிட்ச் யூடியூப் வீடியோவை மறைத்து வைத்தார். ஆனாலும் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

ஜெர்மனியில் இந்தச் சண்டைக்கு நூறாண்டுக்கும் மேலான முன்கதை உண்டு. 1898இல் முன்னாள் ஜெர்மன் சான்ஸலர் பிஸ்மார்க் இறந்த இரவில், இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து, மரணப் படுக்கையில் கிடந்த உடலைப் படமெடுத்தார்கள். குடும்பம் வழக்குத் தொடர்ந்து வென்றது. ஆனால் அத்துமீறி நுழைந்ததைக் காரணம் காட்டித்தான் அந்தப் படத்தைத் தடுக்க முடிந்தது. ஒருவருடைய உருவத்தின்மேல் அவருக்கே உரிமை உண்டு என்று சொல்லத் தெளிவான சட்டம் அப்போது இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 1907இல் சட்டம் வந்தது. ஒருவரின் படத்தைப் பரப்ப அவருடைய சம்மதம் வேண்டும் என்பது விதி. சமகால வரலாற்றில் இடம்பெற்றவர்களின் படங்களுக்கும், கூட்டங்கள், ஊர்வலங்களின் படங்களுக்கும் விலக்கு உண்டு.

டெக்னோவைக்கிங் ஆடியது ஊர்வலத்தில்தான். ஆனால் கேமரா ஊர்வலத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தது. 2013இல் பெர்லின் நீதிமன்றம் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. விளம்பரத்திலும் விற்பனையிலும் ஃப்ரிட்ச் சம்பாதித்த சுமார் 13,000 யூரோவை அவருக்குக் கொடுக்க வேண்டும், இனி அவர் உருவத்தைக் காட்டக் கூடாது என்று தீர்ப்பானது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூல வீடியோவை எடுத்தவர் அதைக் காட்டக் கூடாது. ஆனால் அதன் நகல்கள் இன்றும் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. பரப்பிய லட்சக்கணக்கான பேரையும் தேடிப் பிடிப்பது நடக்கிற காரியமா? சட்டத்தின் கைக்கு எட்டியவர் பெயரும் முகவரியும் தெரிந்த ஒரே ஆள்தான். ஃப்ரிட்ச் தரப்பு இதை அநியாயம் என்று சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு.

ஆனால் அவர் நிலை வெறும் பார்வையாளனுடையது அல்ல. இந்த மீமிலிருந்து பிறந்த நகல்கள், நையாண்டிகள், ஓவியங்களை எல்லாம் சேகரித்து ஓர் ஆவணக் காப்பகமே வைத்திருந்தவர் அவர். ஒரு மீம் எப்படிப் பிறக்கிறது, எப்படி உருமாறுகிறது என்பது ஆய்வுக்குரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் ஆவணப்படுத்துகிறேன் என்று ஒருவர் அந்த முகத்தைக் காட்டும் ஒவ்வொரு தடவையும், அது இன்னொரு தடவை பரவவும் செய்கிறது. ஆய்வாளரின் கண்காட்சிக்கும் கேலிக்காரரின் பகிர்வுக்கும் நோக்கத்தில் வித்தியாசம் உண்டு. படத்தில் இருப்பவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன லாபம்?

தீர்ப்புக்குப் பிறகு ஃப்ரிட்ச் செய்தது சுவாரசியமானது. பொதுமக்களிடம் நிதி திரட்டி, இந்த வழக்கையே ஆவணப்படமாக எடுத்தார். 2015இல் ‘தி ஸ்டோரி ஆஃப் டெக்னோவைக்கிங்’ வெளிவந்தது. கதாநாயகனின் முகம் தெரியாமல் கதாநாயகனைப் பற்றிய படம்! வக்கீல்கள், கலைஞர்கள், ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். மீம் எப்படி வேலை செய்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரிகிறது. அதற்கு அந்த முகம் தேவைப்படவில்லை என்பதை, எந்தத் தத்துவ விவாதத்தையும்விட, தடைக்குக் கட்டுப்பட்டு எடுத்த அந்தப் படமே தெளிவாகக் காட்டிவிட்டது.

கியூபெக் பையன் பத்தாண்டு கழித்து, 2013இல், தானாகவே முன்வந்து பத்திரிகையிடம் பேசினார். கேலிக்கு ஆளாகும் இளைஞர்களுக்குத் தன் கதை உதவட்டும் என்று அவரே எடுத்த முடிவு அது. பெர்லின் மனிதர் பேட்டி எதுவும் கொடுக்கவில்லை. அவரைக் கண்டுபிடிக்க இணையத்தில் துப்புத் துலக்கியவர்களுக்கும் குறைவில்லை. அவர் என்ன வேலை பார்க்கிறார், எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் இந்தத் தொடருக்கு வேண்டாத சங்கதி. பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டால், அவர் கதையை அவர் வழக்கு நின்ற இடத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது. எரியும் வீட்டின் முன் நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்த நான்கு வயது அமெரிக்கச் சிறுமியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2005இல் அவளுடைய அப்பா எடுத்த படம் அது. வளர்ந்து பெரியவளான பிறகு, 2021 ஏப்ரலில், அந்தப் பெண்ணே அதே படத்தை என்எஃப்டியாக, அதாவது டிஜிட்டல் உரிமைச் சான்றாக, 180 ஈதர் கிரிப்டோ நாணயத்துக்கு விற்றார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5 லட்சம் டாலர். தன் முகத்தைத் தானே விலைபேசுவது முகத்தைத் திரும்பப் பெறுவதாகுமா? அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)